கனம் குறைந்தால் போதுமா?

மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டின் வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் தன் மலையேற்றப் பையைத் தரையில் கொட்டியிருக்கிறான். கயிறு, கொக்கிகள், அலுமினியமும் கம்பியுமாகக் கையளவு கருவிகள் ஒரு டஜன். எதிரே நாற்காலியில் 78 வயது தாத்தா. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் 30 வருடங்களுக்கு மேல் டிம்பர் வேலை செய்தவர்.

"இதுக்குப் பேரு இன்னாடா?"

"கேம், தாத்தா."

"இந்த வயசுல இன்னா கேமு உனக்கு?"

பேரன் சிரிக்கிறான். ஊசி போடும் சிரிஞ்சைப் பிடிப்பது போலக் கருவியைப் பிடித்து விசையை இழுக்கிறான். நுனியில் உள்ள நான்கு அலுமினியச் சில்லுகள் சுருங்குகின்றன. வாசலில் பதித்த இரண்டு கல்பலகைகளுக்கு நடுவே செருகி விசையை விடுகிறான். சில்லுகள் விரிந்து கல்லைக் கவ்வுகின்றன. "இப்போ இழுத்துப் பாரு."

தாத்தா இழுக்கிறார். வரவில்லை. பலமாக இழுத்ததும் கருவிக்குப் பதிலாக ஒரு கல்பலகைதான் லேசாக நகர்கிறது. "கல்லு லூசு" என்கிறார் உடனே.

அவர் சொன்னது சரி. பாறைப் பிளவில் செருகிய கேமைக் கீழே இழுத்தால் அது பக்கவாட்டில் தள்ளும். ஏறுகிறவர் தவறி விழுந்து 100 கிலோ விசை அதன் மேல் வந்தால், பிளவின் இரண்டு சுவர்களிலும் தலைக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் விழும். பாறை கெட்டியாக இருந்தால் அந்த அழுத்தமே பிடிமானம். பாறை பொருக்காக இருந்தால் அந்த அழுத்தமே ஆபத்து.

இந்தக் கருவியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ரே ஜார்டின். விண்வெளித் துறையில் வேலை பார்த்துவிட்டு மலையேறப் போனவர். சில்லின் விளிம்பை ஒரு குறிப்பிட்ட சுருள் வளைவில் வெட்டினால், பிளவு அகலமானாலும் குறுகலானாலும் சில்லு பாறையைத் தொடும் கோணம் மாறாது என்பதுதான் அதன் சூட்சுமம். 'ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் 1978-இல் இங்கிலாந்தின் வைல்ட் கன்ட்ரி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தண்டு விறைப்பான உலோகம். படுக்கைவாட்டுப் பிளவில் வைத்தால் பாறை விளிம்பில் மோதி ஒடியும் அபாயம் இருந்தது. அதனால் அடுத்து வந்தவற்றில் தண்டு வளையும் எஃகுக் கம்பியானது.

பிறகு எடைக் குறைப்புப் போட்டி தொடங்கியது. சில்லுகளில் துளைகள் போட்டு அலுமினியத்தைக் குறைத்தார்கள். 2016-இல் பிளாக் டயமண்ட் கம்பெனி, தண்டில் எஃகுக் கம்பிக்குப் பதில் டைனீமா என்ற செயற்கை இழையை வைத்து, தன் வழக்கமான கேமைவிட 25 சதவிகிதம் எடை குறைந்த ஒன்றைக் கொண்டுவந்தது. 2019-இல் அதன் வழக்கமான கேமே 10 சதவிகிதம் இளைத்தது.

பேரனின் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த கோடையில் மூன்று நண்பர்களோடு இமாசலப் பிரதேசத்தின் மியார் பள்ளத்தாக்குக்குப் போகிறான். கூடாரம், அரிசி, கயிறு எல்லாம் முதுகில். இளைத்த கேம்களை வாங்கினால் ஒரு டஜனில் மிச்சமாவது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் மெல்லிய காற்றில், நாள் முழுக்கத் தொங்கி ஏறும்போது அந்த அரைக் கிலோ பெரிது. களைத்துப்போனவன்தான் தவறு செய்கிறான். ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். கைவசம் இருப்பவையோ பழையவை, கனமானவை, இன்னும் பழுதில்லாதவை.

"கனமில்லாம இருந்தா நல்லதுதானே?" என்கிறார் தாத்தா. கனத்தின் கஷ்டம் அவருக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தப் புழுக்கத்தில் தோளில் மரக்கட்டையோடு ஊர்ந்து போனவர்களில் அவரும் ஒருவர். தங்க ரேகையை வெட்டி எடுத்தபின் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் மிஞ்சும். சுவர்கள் நெருங்கி வராமலிருக்க அவற்றுக்கு நடுவே கட்டையை நிறுத்தி ஆப்பு அடித்து இறுக்குவார்கள். பேரனின் கேம் செய்வதும் அதே வேலைதான்.

கட்டை கனம் குறைவு, வேண்டிய அளவுக்கு வெட்டலாம். ஆனால் ஈரத்திலும் சூட்டிலும் உளுத்துப் போகும், அழுத்தத்தில் நசுங்கும். ஆழம் கூடக் கூடப் பாறை வெடிப்புகள் அதிகமானதால், தங்கவயலில் பல இடங்களில் கட்டைக்குப் பதிலாகக் கருங்கல் சுவர்களே தாங்கலாயின. கல் நசுங்காது, உளுக்காது. தூக்குகிறவன் இடுப்புதான் ஒடியும்.

"ஆனா மரம் பேசும்டா" என்கிறார் தாத்தா. "பாரம் ஏறினா முதல்ல கிறீச்சுனு கத்தும். அப்புறம் நார் நாராப் பிளக்கும். கண்ணால பாக்கலாம், காதால கேக்கலாம். வெளியே ஓட நேரம் கிடைக்கும். கல்லு பேசாது. அது பாட்டுக்கு இருக்கும், போனா ஒரேயடியாப் போயிடும்."

பிறகு அவர் பழைய கேமைக் கையில் எடுக்கிறார். கம்பி எங்கே பிரிந்திருக்கிறது என்று நகத்தால் தடவிப் பார்க்கிறார். சில்லின் பற்கள் தேய்ந்திருப்பதைக் காட்டுகிறார். அடுத்து, நண்பன் ஒருவனிடம் பேரன் இரவல் வாங்கி வந்த இளைத்த கேமை எடுத்து, தண்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுக்குள்ள இருக்கிறது நல்லா இருக்கா, இல்லையான்னு எப்படிப் பாப்பே?"

பேரனிடம் பதில் இல்லை. இளைத்த கேம் பலவீனமானது அல்ல. கேம் எதுவானாலும் குறைந்தது சுமார் 500 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இரண்டுமே அதை மிஞ்சித் தாங்குபவைதான். வேறுபாடு புதிதாக இருக்கும்போது அல்ல, பழசாகும்போது. எஃகுக் கம்பி இழை இழையாகப் பிரிந்து தன் நிலையைக் காட்டிவிடும். வெளியே உள்ள நாடா நைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உறைக்குள் இருக்கும் இழையோ உபயோகத்திலும் காலத்திலும் மெல்ல வலுவிழக்கும். வெளியே தெரியாது, மாற்றவும் முடியாது. அதனால்தான் இழை வைத்த கருவிகளுக்குத் தயாரிப்பாளர்களே ஆயுள் கெடு வைக்கிறார்கள். பெட்டியில் சும்மா கிடந்தாலும் பொதுவாக 10 வருடம்தான். வாங்கிய தேதியை மறந்தவனுக்கு இந்தக் கெடுவால் பயனில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. கட்டையின் பேச்சைக் கேட்கத் தெரிந்த காதுகளுக்கு அதன்பின் வேலை இல்லை. பேரனோ கோலாருக்குப் பக்கத்தில் அந்தரகங்கை மலைக் குன்றுகளில் வாரம் தவறாமல் தொங்குகிறான். அவனோடு வரும் புதியவர்கள் ஒரே நாளில் பத்து முறை விழுகிறார்கள். புழுதியில் போடுகிறார்கள், பாறையில் இடிக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கணக்கு ஒரு வழியாக முடிகிறது. பெரிய அளவுக் கேம்களில்தான் எடை மிச்சம் அதிகம். அவற்றில் மட்டும் நான்கு இளைத்தவை மியாருக்காக வாங்குவது. சின்னவை பழைய கம்பிக் கேம்களே போதும், அவற்றில் மிச்சமாவது சொற்ப கிராம்கள்தான். அந்தரகங்கைக்குப் பழசு மட்டும். புதியவற்றில் வாங்கிய மாதமும் வருடமும் அழியாத மையில் எழுதிவிடுவது. கெடு வந்ததும், பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காமல் வெட்டிப் போடுவது.

பேரன் கருவிகளை அள்ளிப் பைக்குள் போடுகிறான். தாத்தா குனிந்து, நகர்ந்துபோன கல்பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுகிறார். வெற்று ஓசை வருகிறது.

"கேட்டியா? எந்தக் கேமா இருந்தாலும், மொதல்ல பாறையத் தட்டிப் பாத்துட்டுப் போடு."