ஒரு புள்ளி வித்தியாசம்

உதைபந்தாட்டப் பைத்தியம் எனக்குப் பிந்தித்தான் பிடித்தது. எங்களூரில் எல்லோரையும் போல நானும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன்தான். 2005 மே மாதம் ஒரு நள்ளிரவில் தூக்கம் வராமல் தொலைக்காட்சியைப் போட்டபோது இஸ்தான்புலில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் ஏசி மிலான் மூன்று கோல்கள், லிவர்பூல் பூச்சியம். தோற்கப் போகிறவன் மேல் வரும் இரக்கத்தில் சிவப்புச் சட்டைக்காரர்களின் பக்கம் சாய்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு ஆறு நிமிடங்களுக்குள் அவர்கள் மூன்று கோல்களையும் திருப்பினார்கள். பெனால்டி உதைகளில் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அன்று சுபஹு வரைக்கும் நான் தூங்கவில்லை. அந்த இரக்கம் எப்படிப் பக்தியாக மாறியதென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

லிவர்பூலை விரும்புகிறவனுக்கு எதிரிகள் தானாகவே வந்துவிடுவார்கள். ஊருக்குள்ளே எவர்ட்டன். முப்பது மைல் தள்ளி மன்செஸ்டர் யுனைட்டட். பக்கத்தில் பணக்கார மன்செஸ்டர் சிட்டி. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கண்டியில் நான் கணக்கெழுதும் அலுவலகத்தில் அடுத்த மேசையிலேயே ஒரு யுனைட்டட்காரன் இருந்தான். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கன், சிங்களம் பேசுகிறவன். திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்பே வந்து, என் மேசையில் வெள்ளைத்தாளொன்றில் 20 - 18 என்று எழுதி வைத்திருப்பான். இருபது அவர்கள் எடுத்த லீக் பட்டங்கள். பதினெட்டு நாங்கள் எடுத்தவை. எங்கள் கடைசிப் பட்டம் 1990இல் வந்தது.

"உன் மகன் பேரப்பிள்ளை கண்டாலும் பத்தொன்பது வராது மச்சான்" என்பான்.

2018-19 பருவத்தில் அந்தத் தாளை அவன் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதினான். யேர்கன் குளொப்பின் அணி அப்படி ஆடியது. டிசம்பர் 2ஆந் திகதி எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டம் கோலின்றி முடியப் போகிறது என்று நான் எழுந்துவிட்டேன். 96ஆவது நிமிடத்தில் வான் டைக் தப்பாக உதைத்த பந்து வானத்துக்குப் போய்க் கோல் கம்பத்தின் மேல் விழ, எவர்ட்டனின் கோல் காப்பாளர் அதைத் தட்டி உள்ளேயே விட, ஒரிகி தலையால் முட்டிப் போட்டான். இரண்டு வாரம் கழித்து யுனைட்டட்டை 3 - 1 என்று வென்றோம். இரண்டு நாளில் அவர்களுடைய பயிற்றுநர் மொரின்யோ வேலையை இழந்தார். என் நண்பன் ஒரு நாள் லீவு போட்டான். காய்ச்சலென்றான், நான் நம்பவில்லை.

2019 ஜனவரி 3ஆந் திகதி சிட்டியின் மைதானத்துக்கு ஏழு புள்ளிகள் முன்னணியோடு போனோம். மானே அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிட்டியின் ஸ்டோன்ஸ் அதை வெளியேற்றப் போய்த் தன் கோல் காப்பாளர் மேலேயே அடித்து, கோட்டிலிருந்து திரும்ப உதைத்தான். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்ட ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் போதாமலிருந்தது என்று கமெரா சொன்னது. 2 - 1 என்று தோற்றோம். அந்தப் பருவம் முழுக்க நாங்கள் தோற்ற லீக் ஆட்டம் அது ஒன்றுதான்.

பிறகு லெஸ்டர், வெஸ்ட் ஹாம், யுனைட்டட், எவர்ட்டன் என்று சமநிலைகள் வந்தன. முன்னணி கரைந்தது. ஏப்ரலில் நிலைமை வேடிக்கையாகிவிட்டது. 24ஆந் திகதி யுனைட்டட் சிட்டியோடு ஆட வேண்டும். சிட்டி புள்ளி இழந்தால்தான் எங்களுக்கு நல்லது.

"இந்த மாசம் நீ எங்களுக்காகத் துஆ கேக்கணும்" என்றான் நண்பன்.

"கேட்பேன். ஆனா அல்லாஹ் நம்ப மாட்டான்" என்றேன். அலுவலகமே சிரித்தது.

மொஹமட் சலாஹ்வைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 2017இல் வந்து, முதல் பருவத்திலேயே லீக்கில் 32 கோல்கள் போட்ட எகிப்தியன். கோல் போட்டதும் புல்லில் நெற்றியை வைத்து ஸுஜூது செய்வான். லிவர்பூல் ரசிகர்கள் அவனுடைய மார்க்கத்தையும் பள்ளிவாசலையும் சேர்த்துப் பாட்டே கட்டினார்கள். அவன் வந்த பிறகு மெர்சிசைட் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் 16 வீதம் குறைந்ததாக 2021இல் ஓர் அமெரிக்க அரசியல் விஞ்ஞானச் சஞ்சிகையில் ஆய்வொன்று வெளிவந்தது. வாசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: கோல் போடத் தெரியாத முஸ்லிம் என்ன செய்வது?

ஏனென்றால் மறுபக்கமும் இருந்தது. 2019 ஏப்ரலில், செல்சி கழகத்தின் ரசிகர்கள் சிலர் ப்ராக் நகரில் சலாஹ்வைக் குண்டு வைப்பவன் என்று பாடும் ஒளிப்படம் வெளியானது. அந்தக் கழகமே அதைக் கண்டித்தது. மூன்று நாள் கழித்து, 14ஆந் திகதி, அதே செல்சிக்கு எதிராக ஏறத்தாழ முப்பது யார் தூரத்திலிருந்து சலாஹ் ஒரு கோல் போட்டான். என் மகன் கட்டிலில் ஏறிக் குதித்தான். பன்னிரண்டு வயது அவனுக்கு. கட்டாரிலிருந்து என் மச்சான் அனுப்பிய சலாஹ்வின் பெரிய படமொன்று அவனுடைய அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. கையேந்தி நிற்கும் படம். கீழே அறபில் பெயர்.

மறு ஞாயிறு 21ஆந் திகதி. உயிர்த்த ஞாயிறு.

அன்று காலை நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு, கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். நண்பன் பெருநாளுக்காக வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தான். கட்டுவாப்பிட்டித் தேவாலயம் அவன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரமென்று எனக்குத் தெரியாது. அவனுடைய இலக்கம் மட்டும் தெரியும்.

நான் அழைக்கவில்லை.

அன்றிரவு எட்டரைக்குக் கார்டிஃபில் லிவர்பூல் ஆடியது. 2 - 0 என்று வென்றதாம். ஊரடங்குச் சட்டத்துக்குள் வீட்டை இருட்டாக்கிக்கொண்டு நாங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வர, உம்மா தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். அவை எங்கள் பெயர்கள்.

மறுநாள் அழைக்கலாமென்று நினைத்தேன். என்ன சொல்வது? "நாங்கள் அப்படியானவர்களல்ல" என்றா? பத்து வருடம் பக்கத்து மேசையில் இருந்தவனிடம் அதைச் சொல்ல வேண்டி வருவதே எனக்கு அவமானமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் அது வேறோர் அர்த்தமாகிவிடுமோ என்றும் பயம். சமூக ஊடகங்களை முடக்கியிருந்தார்கள். அது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று. 24ஆந் திகதி யுனைட்டட் சிட்டியிடம் 2 - 0 என்று தோற்றது. துஆ கேட்பதாகச் சொன்னவன் ஆட்டம் நடந்ததையே அடுத்த நாள்தான் அறிந்தேன். அலுவலகம் திறந்தபோது அவன் வரவில்லை. ஊரில் ஜனாஸாக்கள் அதிகம் என்று முதலாளி சொன்னார். மரண வீட்டுக்கு ஜனாஸா என்ற எங்கள் சொல்லைத்தான் அந்தச் சிங்களவர் எப்போதும் என்னிடம் பாவிப்பார். அன்று அது எனக்கு வலித்தது.

மே மாதம் ஆரம்பத்தில் எங்கள் வீதியில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஊரில் ஆட்கள் அறபுக் கிதாபுகளை மறைத்தார்கள், சிலர் மரக்கறி வெட்டும் கத்தியைக்கூட. படையினர் நாலு வீடு தள்ளி வந்துவிட்டபோது என் மனைவி மகனின் அறைக்குள் போனாள்.

"இந்தப் படத்தக் கழட்டுங்களே. தாடி வெச்ச ஆள். கையேந்திக் கொண்டு நிக்கிறார். கீழ அறபுல வேற எழுதியிருக்கு."

"அது சலாஹ்தானே உம்மா" என்றான் மகன்.

"அது எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

நான்தான் கழற்றினேன். மகன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் பேசவில்லை. வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். சுவரில் டேப் கழன்ற இடத்தில் நாலு மூலையிலும் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. ஓர் இளம் சிப்பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேட்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஹில்ஸ்பரோதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. 1989 ஏப்ரல் 15ஆந் திகதி ஷெஃபீல்ட் நகரின் அந்த மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். கடைசியானவர் அன்றைய காயங்களோடு வாழ்ந்து 2021இல் இறந்தவர். நாலு நாளில் லண்டன் பத்திரிகையொன்று, குற்றமெல்லாம் ரசிகர்களுடையது, செத்தவர்களின் பொக்கெற்றுகளில் கூடக் கை வைத்தார்கள் என்று முதற்பக்கத்தில் எழுதியது. அது பொய். பொய்யென்று ஒரு ஜூரி சபை தீர்ப்பளிக்க 2016 ஏப்ரல் வரை, இருபத்தேழு வருடங்கள் போயின. அதுவரை ஒரு நகரமே சந்தேகத்தின் கீழ் வாழ்ந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அங்கே செத்தவர்களையே குற்றவாளிகளாக்கினார்கள். இங்கே செய்தவர்கள் எங்கள் பெயர்களோடுதான் வந்தார்கள்; செத்தவர்கள் என் நண்பனின் ஆட்கள். ஆனால் செய்யாத ஒன்றுக்காகத் தலை குனிந்து நடப்பது எப்படியிருக்கும் என்பது அந்த நகரத்துக்குத் தெரியும் என்று நினைத்தேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த 1989இல், ஹில்ஸ்பரோ நடந்து ஒரு வாரத்தில், எவர்ட்டன் ரசிகர்களும் லிவர்பூல் ரசிகர்களும் தங்கள் ஸ்கார்ஃபுகளை ஒன்றோடொன்று முடிந்து, ஸ்டான்லி பூங்காவின் குறுக்காக இரண்டு மைதானங்களையும் இணைத்தார்கள். நீலமும் சிவப்பும் மாறி மாறி. எதிரி முதலில் வந்து நிற்க வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. நான் போய் நிற்கவில்லை.

நோன்பு தொடங்கியது. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 3 - 0 என்று தோற்றிருந்தோம். இரண்டாவது ஆட்டம் எங்கள் நேரப்படி மே 8ஆந் திகதி அதிகாலை பன்னிரண்டரைக்கு. சலாஹ் காயம், "ஒருபோதும் கைவிடாதே" என்று எழுதிய கறுப்புச் சட்டையோடு வெளியே இருந்தான். சஹருக்கு எப்படியும் எழும்பத்தானே வேண்டுமென்று நானும் மகனும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒரிகி ஒன்று. வைனால்டம் இரண்டு. 79ஆவது நிமிடத்தில், பார்சிலோனாக்காரர்கள் இன்னும் திரும்பிக்கூடப் பார்க்காத நேரத்தில், அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் கோர்னரைத் தட்டிவிட, ஒரிகி நாலாவதையும் போட்டான். மகன் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினான். வெளியே சத்தம் போகக்கூடாதென்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அன்று சஹர் சோற்றுக்கு முன்னால் கைபேசியை எடுத்து நண்பனின் பெயர் வரைக்கும் போனேன். இந்த நேரத்தில் அவன் எப்படியும் பார்த்துக்கொண்டு, பொறாமையில் வெந்துகொண்டிருப்பான். பிறகு, பார்க்கும் மனநிலையில் இருப்பானா என்று தோன்றியது. வைத்துவிட்டேன்.

மே 12ஆந் திகதி லீக்கின் கடைசி நாள். நோன்பு திறந்து, மஃரிபும் தொழுது, ஏழரைக்கு அமர்ந்தோம். மானே கோல் போட்டதிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நாங்கள்தான் சம்பியன்கள். பிறகு சிட்டி பிரைட்டனில் 4 - 1 என்று வென்றது. அவர்களுக்கு 98 புள்ளிகள், எங்களுக்கு 97. முப்பது வெற்றிகள், ஏழு சமநிலைகள், ஒரேயொரு தோல்வி. இதற்கும் பட்டம் இல்லை. ஆனால் அன்றிரவு அழுவதற்கு வேறு காரணம் வந்துகொண்டிருந்தது. சிலாபத்தில் பள்ளிக்குக் கல்லெறிகிறார்கள் என்று தொலைபேசிகள் அடித்தன. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட. கொட்டாரமுல்லையில் ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். நாடு முழுக்க மீண்டும் ஊரடங்கு.

13ஆந் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு கைபேசி அடித்தது. அவனுடைய பெயர்.

"பிரச்சினையொண்டும் இல்லையே? உங்க பக்கம் எப்படி?"

"இன்னும் ஒண்டுமில்ல."

"பிள்ளைகளோட இங்க வரணுமெண்டா வா. நான் வேன் அனுப்புறன். எங்க ஃபாதரிட்டயும் சொல்லியிருக்கன்."

என்னால் பேச முடியவில்லை. கொஞ்ச நேரம் அவனும் பேசவில்லை. பிறகு கேட்டான்:

"மூணு கிழமை உன்ட கோல் வருமெண்டு பார்த்தன். என்ட சின்னம்மா போயிட்டா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் கேட்கவில்லையே. மன்னிப்புக் கேட்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல் எங்கள் வழக்கத்தையும் அவர்கள் வழக்கத்தையும் கலந்து ஏதோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வைக்கப்போகும் நேரத்தில் சொன்னான்: "தொண்ணூத்தேழு புள்ளி எடுத்தும் கிண்ணமில்ல. உன்னப் போல ஒரு முசுப்பாத்தியான ஆள் உலகத்திலயே இல்ல மச்சான்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று மனைவி வந்து பார்த்தாள்.

ஜூன் 1ஆந் திகதி, ரமழானின் கடைசிப் பத்தில், மட்ரிட்டில் இறுதிப் போட்டி. பள்ளியிலிருந்து ஓடி வந்து பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் பெனால்டி, சலாஹ் போட்டான். கடைசியில் ஒரிகி. டொட்டன்ஹாமை 2 - 0 என்று வென்றோம். பெருநாளைக்கு முந்திய இரவு மகன் கட்டிலுக்கடியிலிருந்து படத்தை எடுத்து, அந்த நாலு பெயர்ந்த மூலைகளும் மறையும்படி ஒட்டினான். மனைவி பார்த்தாள். பேசாமல் போய்விட்டாள்.

பத்தொன்பதாவது பட்டம் 2020 ஜூனில் வந்தது. மைதானங்களில் ஆளில்லாத கொரோனாக் காலம். என் மகன் பேரப்பிள்ளை காணும் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரவில்லை. நண்பன் அதன் பிறகு குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டான். 2025 ஏப்ரல் 27ஆந் திகதி டொட்டன்ஹாமை 5 - 1 என்று வென்று இருபதாவதையும் எடுத்தோம். இம்முறை நான் காத்திருக்கவில்லை. கடைசி விசில் ஊதியதும் அழைத்தேன். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. காலையில் கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. ஒரு வெள்ளைத்தாள். அதில் அவனுடைய கையெழுத்தில் 20 - 20.