வாகை என்னும் சொல்லும் ஒரு சுழியமும்

கடந்த வாரம் துவாரகாவில் ஒரு கல்லூரியின் தன்னாய்வு அறிக்கைக்குத் தரவுகளைத் தொகுக்கும் வேலையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இத்தகைய வேலைகள் எப்படி வந்து சேர்கின்றன என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். யாரோ ஒரு பேராசிரியர், "அந்தப் பெண்ணுக்கு எக்ஸெல் நன்றாக வரும்" என்று யாரிடமோ சொல்லியிருப்பார்.

நாக் அமைப்பின் கையேட்டில் ஐந்தாம் அளவுகோல் மாணவர் நலன் பற்றியது. அதில் 5.3.1 என்ற எண்ணுள்ள கூறு, பல்கலைக்கழக, மாநில, தேசிய, பன்னாட்டு அளவில் விளையாட்டிலும் கலைகளிலும் மாணவர்கள் பெற்ற விருதுகள், பதக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறது. கூடவே அடைப்புக்குறிக்குள் ஓர் அறிவுரை: குழு விளையாட்டில் பெற்ற பரிசை ஒன்று என்றே கணக்கிட வேண்டும். பதினொருவர் ஓடி வென்றாலும் ஒன்று. ஒருவர் நீந்தி வென்றாலும் ஒன்று. இதில் தவறேதும் இல்லை, எண்ணுவதற்கு ஏதேனும் ஒரு விதி வேண்டும்தான். மகளிர் கால்பந்து அணியின் வரிசைக்கு வந்தபோது என் முன்னால் இருந்த ஐந்து ஆண்டுக் கட்டங்களிலும் நான் தட்டச்சிட வேண்டியிருந்தது சுழியம்.

அந்தச் சுழியத்தைத் தட்டச்சிட எனக்குக் கை வரவில்லை. காரணம் எளியது. அந்த அணியை நான் அறிவேன்.

நான் குடியிருக்கும் அடுக்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் அந்த மைதானம். இரண்டு ஆண்டுகளாக, காலை ஆறு மணிக்கு அவர்களோடு ஓட எனக்கு அனுமதி தந்திருக்கிறார் அவர்களுடைய பயிற்சியாளர். ஒப்பந்த ஊழியர், ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர். விமானங்கள் தலைக்கு மேலே மிகத் தாழ்வாகத் தரையிறங்கப் போகும். அவர் சொல்லும் ஒவ்வொரு மூன்றாவது வாக்கியமும் அந்த இரைச்சலில் அடிபட்டுப் போகும். நவம்பரில் புகைமூட்டம் வந்தால் வாரக்கணக்கில் பயிற்சி நிற்கும். டிசம்பர் மூடுபனியில் எதிர்க் கோல் கம்பம் தெரியாது. பதினெட்டுப் பெண்கள். நஜஃப்கட் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் சிலர், மணிப்பூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இருவர். எல்லோருக்கும் நான் 'தீதி'. தமிழில் 'அக்கா' என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மரம் நிற்கிறது. இங்கே அதை 'சிரிஸ்' என்கிறார்கள். நம்முடைய வாகை. குளிர்கால முடிவில் இலையுதிர்ந்த பிறகு காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் மரம் முழுவதும் கலகலக்கும். மொழியியல் படித்தவளுக்கு ஒரு மரத்தைக் கண்டால் அதன் பெயரைத் தோண்டாமல் இருக்க முடியாது. நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் எந்த அணி வென்றாலும் 'வாகை சூடியது' என்றுதான் தலைப்பு. இன்றைய வழக்கில் வாகைக்கு வெற்றி என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் வாகையோ அவ்வளவு குறுகியதன்று. பாலைக்குப் புறனாக அமையும் அத்திணையின் இலக்கணம், குற்றமற்ற கோட்பாட்டோடு ஒவ்வொருவரும் தத்தமக்குரிய கூறுபாட்டை மேம்படுத்திக் காட்டுவது. அதன் பகுதிகளில் அரசரும் பொருநரும் மட்டுமல்லர், காலத்தை அறியும் அறிவரும் தவம் செய்வோரும் இடம்பெறுகிறார்கள். தவம் செய்பவனுக்கு எதிரணி ஏது? பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் வாகையின் இலக்கணம், பகைவரைக் கொன்று பூச்சூடி ஆர்ப்பரிப்பது என்று சுருங்கிவிடுகிறது. பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை, துறைகளுக்குள் ஒடுங்கிக்கொண்டது. பொருட்சுருக்கத்துக்கு வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க சொல் இது. இன்று அதற்கு ஒரு படி மேலே போய், அது 5.3.1 என்ற எண்ணாகச் சுருங்கியிருக்கிறது.

வெற்றி பெற்றவனிடமே நேரில் நின்று வெற்றியின் பொருளைக் கேள்விக்குள்ளாக்கிய குரல் நம்மிடம் ஒன்று உண்டு. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாடல். வென்றவன் நீ, ஆனால் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்பது அதன் கேள்வி. எந்தத் தரமதிப்பீட்டுக் குழுவும் வெண்ணிக் குயத்தியாரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

நம் பல்கலைக்கழக விளையாட்டின் கட்டமைப்பே ஏறுமுகமாகப் புள்ளிகளைச் சேர்க்கும் வகையில் அமைந்தது. மண்டலப் போட்டி, அதிலிருந்து அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். உச்சியில், பல்கலைக்கழகங்களுக்கு 1956-57 முதல் வழங்கப்பட்டுவரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அது எல்லா விளையாட்டுகளின் புள்ளிகளையும் கூட்டித் தரப்படுவது. அமிர்தசரசின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதை இருபது முறைக்கு மேல் பெற்றிருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. பஞ்சாபில் அந்த மரபு எத்தனை விளையாட்டு வீரர்களுக்கு வாழ்வளித்தது என்பது தெரிந்ததே. என் கேள்வி, இந்த ஏணியின் முதற்படிக்கும் கீழே நிற்கும் அணியை எதைக்கொண்டு அளப்பது என்பதுதான்.

வேறு அளவுகோல்களை முயன்று பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2000களின் தொடக்கத்தில் கல்வி முன்னேற்ற வீதம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு புள்ளிகள்: படிப்பில் தகுதி இழக்காமல் இருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் ஒன்று. மொத்தத்தை ஆயிரத்துக்குக் கணக்கிட்டு, 930க்குக் கீழே இறங்கும் அணிக்குத் தண்டனை. படித்தபோது எனக்கு அந்த இரண்டாவது புள்ளி பிடித்திருந்தது. விட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பெண்! ஆனால் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது என்ன? ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் வகுப்பே நடக்காத 'காகிதப் பாடங்களில்' 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் மதிப்பெண் பெற்றிருந்தார்கள் என்று 2014இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அந்தப் பதிவுகளில் ஏறத்தாழப் பாதி விளையாட்டு வீரர்களுடையவை. பொருளியலாளர் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை குறித்துச் சொன்னதை, மானிடவியலாளர் மேரிலின் ஸ்ட்ராத்தன் 1997இல் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் தணிக்கைக்குப் பொருத்திக் காட்டினார்: அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும். எனவே 5.3.1க்குப் பதிலாக 5.3.9 என்று ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று நான் மனு எழுதப்போவதில்லை. சேர்த்தால் அதற்கும் ஒரு காகிதப் பாடம் முளைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'வெற்றி தோல்வி முக்கியமல்ல, பங்கேற்பதே முக்கியம்' என்ற வாக்கியத்தின் மீது எனக்கு ஆழ்ந்த ஐயம் உண்டு. முதுகலை படித்தபோது தமிழ்நாட்டில் நான் ஒரு கல்லூரி அணியின் இடது பின்கள ஆட்டக்காரி. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. அதுவும் எதிரணியின் பேருந்து பழுதாகி அவர்கள் வராததால். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து இந்த வாக்கியத்தை அன்போடு சொல்லிவிட்டுப் போவார். அதே வாக்கியத்தை ஆண்கள் அணியிடம் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவர்களுக்குப் புதிய காலணிகள் வந்தன. எங்களுக்குத் தத்துவம் வந்தது. ஒரு முறை முட்டியில் தசைநார் பிய்ந்து கிடந்த எங்கள் நடுக்கள ஆட்டக்காரியின் ஸ்கேன் செலவுக்கு நாங்களே பணம் திரட்டினோம். வெற்றியை எதிர்பார்க்காதவர்கள் எதையும் தரவேண்டிய கடமையும் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். தோற்பது வலிக்கும். அந்த வலியை இல்லையென்று சொல்பவர் எங்களை ஆட்டக்காரிகளாக மதிக்கவில்லை என்றே அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய மகளிர் சீனியர் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்றபோது நான் இளங்கலை இறுதியாண்டு. தமிழ்நாட்டுக்கு அதுவே முதல் பட்டம். அந்த அணியின் பின்னால் இருந்த கடலூரைப் பற்றி அதன் பிறகுதான் நாங்கள் படித்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பெற்றோரை இழந்த சிறுமிகளும் அங்கே பயிற்சியாளர் மாரியப்பனிடம் கால்பந்து பழகினார்கள். பட்டம் கிடைத்திராவிட்டால் அந்தப் பதினான்கு ஆண்டுகள் தோல்வியா? இப்படிக் கேட்பது எளிது. ஆனால் பட்டம் கிடைத்திராவிட்டால் நான் அவர்களைப் பற்றிப் படித்திருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு யோசிக்க எனக்கு இன்னும் முழுமையாகத் தெரியவில்லை.

நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியராக இருந்த விஜய் பர்சே, 2001இல் மழையில் உடைந்த வாளியொன்றை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த குடிசைப்பகுதிச் சிறுவர்களைக் கண்டு அவர்களுக்காகப் போட்டி நடத்தத் தொடங்கினார். அது 'ஸ்லம் சாக்கர்' அமைப்பாக வளர்ந்தது. வீடற்றோர் உலகக்கோப்பைக்கு இந்திய அணிகளை அனுப்பியது. 2022இல் நாகராஜ் மஞ்சுளே இயக்கிய 'ஜுண்ட்' படம் பலரும் பார்த்திருக்கக்கூடும். ஒரு கல்லூரி ஆசிரியர் கால்பந்தைக்கொண்டு செய்தவற்றுள் இவ்வளவு தொலைவு சென்றது அரிது. ஆனால் அந்தச் சிறுவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர். ஆகவே 5.3.1இல் அதற்கும் இடமிராது.

இனி என் எக்ஸெல் தாளுக்குத் திரும்புகிறேன். எண்களை உறுதிசெய்துகொள்ளப் பயிற்சியாளரிடம் போனேன். அவர் ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். கல்லூரி கேட்டு எழுதியதன்று. அவராக எழுதி வைத்திருப்பது. ஒவ்வொரு நாளும் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார். முதலாண்டு மாணவிகளின் நிமிடங்கள் மட்டும் சிவப்பு மையில். யாருக்குச் சொந்தமாகக் காலணி உண்டு, யாருடையதை யார் போட்டுக்கொள்கிறார். ஓரிடத்தில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே நாற்பது நாள் வெற்றிடம், பிறகு இந்தியில் 'வந்தாள்' என்று ஒரே ஒரு சொல். என்ன ஆயிற்று என்று கேட்டேன். வீட்டில் திருமணப் பேச்சு எடுத்திருந்தார்கள் என்றார். யார் பேசி நிறுத்தினார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போது மூன்றாம் ஆண்டு.

பிறகு இரண்டு பக்கங்களை அருகருகே விரித்துக் காட்டினார். அதே எதிரணியுடன் ஆகஸ்டில் ஆடியபோது 0-9. பிப்ரவரியில் ஆடியபோது 0-2. "தீதி, எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இதைப் பாருங்கள்" என்று கீழே அவர் குறித்து வைத்திருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். ஆகஸ்டில் அந்த அணியினர் இடைவேளையிலேயே தங்கள் முதன்மையான நான்கு ஆட்டக்காரிகளை வெளியே அழைத்து உட்காரவைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் கடைசி விசில்வரை ஒருவரையும் வெளியே எடுக்கவில்லை.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் இதற்கு முன்பு பரிசு பெற்றவர்களின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

சுழியத்தைத் தட்டச்சிட்டேன். அது உண்மை, ஐந்து ஆண்டிலும் பதக்கம் இல்லை. போட்டிகளில் பங்கேற்ற எண்ணிக்கையைக் கேட்கும் அடுத்த கூறில் அவர்களுடைய எல்லா ஆட்டங்களையும் விடாமல் சேர்த்தேன். நோட்டின் பதினோரு பக்கங்களைப் படியெடுத்து இணைப்பாக வைத்தேன். மறுநாள், இவ்வகை ஆவணத்துக்கு வார்ப்புருவில் இடமில்லை என்று குறிப்போடு அது திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு காலை நேர மைதானத்தை வேறோர் அமைப்புக்கு வாடகைக்கு விடும் பேச்சும் இருப்பதாக அலுவலகத்தில் காதில் விழுந்தது. பயிற்சியாளரின் நீட்டிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. படிகளை ஒரு கடிதத்தோடு சேர்த்து முதல்வரிடம் நேரில் கொடுக்க வெள்ளிக்கிழமை நேரம் கேட்டிருக்கிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஐந்தேகால். ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். இன்று கேட்டின் சாவி என்னிடம்.