பொன் அணைத்த கல்

வங்கியில் நகைக்கடன் வழங்கிய காலத்தில், கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கே மதிப்பிடுவோம். இன்று என்னிடம் எஞ்சியிருப்பதோ மறைந்த என் மனைவியின் தோட்டிலிருந்த ஒற்றைச் சிவப்புக்கல். அதன் இணை, பிடி தளர்ந்து எங்கோ விழுந்துவிட்டது. இதை மோதிரத்தில் பதிக்க எண்ணிச் சோமனூர் ஆசாரி ஒருவரை அணுகினேன்.

“நான்கு கொக்கிகளில் நிறுத்தினால் ஒளி நன்கு பாயும் ஐயா. ஆனால் இது விசைத்தறி ஊர்; நூல் சிக்கினால் கொக்கி நிமிர்ந்துவிடும். சுற்றிலும் பொன்விளிம்பு கட்டினால் பளபளப்பு சற்றுக் குறையும், கல் நிலைக்கும்” என்றார்.

நாகர்கோவில் வடசேரியில் உருவாகும் கோயில் நகைகள் நினைவுக்கு வந்தன. அவற்றிலும் கெம்புக் கற்களைப் பொன்னே சுற்றி அணைத்திருக்கும். பொன்விளிம்பையே தேர்ந்தேன். மோதிரத்தை அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கி அணிந்தபோது, அன்று நான் கழித்த எடைகளெல்லாம் நெஞ்சில் கனத்தன.