மூளை இல்லாத கார்

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் காரின் மூளை நனைந்து போயிற்று. மூளை என்றால் ஈ.ஸி.யு. என்கிற பெட்டி. புதுசு வாங்க நான் ஒரு வருஷம் கட்டுரை எழுத வேண்டும்.

"விடுங்க சார், கார்புரேட்டர் போட்டுடலாம். அதுக்கு மூளையே வேணாம்" என்றார் புதுப்பேட்டை மெக்கானிக். எனக்கேற்ற வண்டி! (ஆர்.டி.ஓ. காதில் போட்டுவிடாதீர்கள்.)

பழைய கார்புரேட்டர், அதற்குத் தோதான மேனிஃபோல்டு. தீப்பொறியையும் அந்தப் பெட்டிதான் கவனித்து வந்ததாம். ஆகவே ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர். பில் ஏற ஏற, என் பி.காம். புத்தி விழித்துக்கொண்டது.

"பெட்ரோல் பம்ப் பழசே இருக்கட்டுமே?"

"வேணாம் சார்" என்று தலையைச் சொறிந்தார். நான்தான் பிடிவாதமாக நேரே ஒயர் கொடுக்கச் சொன்னேன்.

இன்ஜெக்‌ஷன் பம்ப் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டருக்கு 4 இருந்தாலே ஜாஸ்தி. உள்ளே இருக்கிற மிதவை என்ன செய்யும், பாவம்?

இரண்டாவது தெரு தாண்டவில்லை. "என்னங்க, பெட்ரோல் நாத்தம் குடலைப் பிடுங்குது!" என்றாள் மனைவி.

"பழைய வண்டின்னா அப்படித்தான்."

அவள் விடவில்லை. நிறுத்தி பானெட்டைத் திறந்தால், கொதிக்கிற எஞ்சின் மேல் பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் மூணு வயசுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று.

மறுநாளே சின்ன பம்ப் மாட்டியாயிற்று. சோக்கை இழுத்தால் மூணாவது தடவையில் சமர்த்தாகக் கிளம்பியது. மனைவி மட்டும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.