புகைக்குப் போக்கு

காஸ் ஸ்மோக்கர் வந்து இறங்கிய அன்று அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புகை வேண்டாம்னுதானடா காஸ் வாங்குனோம். இப்ப காஸ வச்சே புகை போடப் போறியா?"

என்னிடம் பதில் இல்லை. லேப்டாப்போடு கொடைரோட்டுக்கே திரும்பி வந்தவன் நான். ராத்திரியெல்லாம் டெக்சாஸ்காரர்கள் இறைச்சிக்குப் புகை போடுவதை யூட்யூபில் பார்த்து வந்த ஆசை, அவ்வளவுதான்.

பெட்டி எளிமையானது. கீழே பர்னர், மேலே மரத்துண்டுத் தட்டு, அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, பிறகு கம்பிவலைகள், உச்சியில் புகை போகத் துளை. 110 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கதவிலிருந்த தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 85 காட்டியது. ரெகுலேட்டர் நம்மூர் சிலிண்டருக்குச் சேரவில்லை. வேறு வாங்கி மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். தகரத் தட்டில் மரத்துண்டு புகையாமல் தீப்பிடித்தது. அம்மாவின் பழைய இரும்புப் பணியாரச் சட்டியை வைத்ததும் அடங்கியது. கதவு சரியாக மூடவில்லை. திண்டுக்கல் பட்டறையில் கொண்டி வைத்துக் கொடுத்தார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு அது பத்து நிமிஷ வேலை.

அமெரிக்காவில் மெஸ்கீட் என்று காசு கொடுத்து வாங்கும் விறகு, நம் கண்மாயெல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். நான் காய்ந்த கொய்யாக் கட்டைதான் போட்டேன்.

ஆடிக் காற்றில் பர்னர் அணைந்துகொண்டே இருந்தது. அதனால் பெட்டியை அடுப்படிச் சுவரோடு ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். புகை வீணாகக் கூடாதென்று மேல்துளையையும் முக்கால்வாசி மூடினேன். வெள்ளை வெள்ளையாய்ப் புகை கட்டியது. ஆட்டுத் தொடை வெந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. உள்ளே அம்மா இருமத் தொடங்கினார்.

நாலு வருஷம் முன்பு நுரையீரல் டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "விறகடுப்புல எத்தன வருஷம்மா சமைச்சீங்க?" பீடியைக் கையால்கூடத் தொடாதவர் அன்றிலிருந்து இன்ஹேலர் வைத்திருக்கிறார். எங்கள் பழைய அடுப்படியில் புகைபோக்கி கிடையாது. அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிய உப்புக்கண்டம் மட்டும் எனக்கு ருசியாய் ஞாபகமிருக்கிறது.

இருமல் அடங்கியதும் பின்வாசலுக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். "மேல அடச்சு வச்சா எங்கடா போகும்? புகைக்குப் போக்கு வேணும்."

மறுநாள் பெட்டியைக் கொல்லையின் கீழ்க்கோடிக்கு, தென்னைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். மூன்று பக்கமும் தகரம் நட்டேன். துளையை முழுசாகத் திறந்தேன். புகை மெலிதாக, நீலமாக, வீட்டுக்கு எதிர்த்திசையில் போனது.

அடுத்த ஞாயிறு கறியைக் கிள்ளி வாயில் போட்டவர், "கண்டம் மாதிரியே இருக்கு" என்றார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். நான் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.