வெளிச்சத்தைக் குறைடா!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் ஒரே நச்சரிப்பு. கவிதை என்றால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஆகவே நண்பர்களே, என் லேப்டாப் என்னை ஒரு மாதம் ஆட்டிவைத்த கதையைச் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். லினக்ஸ் போட்டேன். எல்லாம் வேலை செய்தது, ஒன்றைத் தவிர. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற விசைகளை அமுக்கினால் திரையில் அந்தப் பட்டை மட்டும் ஜோராக ஏறி இறங்கும். வெளிச்சமோ சித்திரை வெயில் மாதிரி அப்படியே நிற்கும்!

எங்கள் வீடு ஒரே அறை. அப்பா விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர். ராத்திரி 11 மணிக்கு நான் புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தால், "அந்த வெளிச்சத்தைக் குறைடா" என்பார். "குறைய மாட்டேங்குதுப்பா" என்பேன். ஒரு வாரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரிப்பேர் கடையில், "கீபோர்டு போச்சு தம்பி, 1,200 ரூபா ஆகும்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. விசை கெட்டுப்போயிருந்தால் பட்டை எப்படி நகரும்? சப்ளையில் ஆரம்பித்து லோடு வரைக்கும் மீட்டர் வைத்துப் பார் என்றுதானே லேபில் சொல்லித்தருகிறார்கள்! 'ஈவிடெஸ்ட்' என்ற புரோகிராமை ஓடவிட்டு விசைகளை அமுக்கினேன். குறைக்க 224, கூட்ட 225 என்று எண்கள் ஒழுங்காக வந்தன. 1,200 ரூபாய் மிச்சம்.

லினக்ஸில் திரை வெளிச்சம்கூட ஒரு ஃபைல்தான். 'சிஸ்' டைரக்டரிக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பேக்லைட்'. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாக உட்கார்ந்திருக்கின்றன. 'ஏசிபிஐ வீடியோ ஜீரோ' என்பது பயாஸ் வழியாகப் போகிற பாதை. 'இன்டெல் பேக்லைட்' என்பது கிராஃபிக்ஸ் டிரைவர் நேராக விளக்கை இயக்குகிற பாதை. இரண்டும் இருந்தால் டெஸ்க்டாப் முதல் பாதையைத்தான் பிடிக்கும். என் லேப்டாப்பில் அது ஒயர் போகாத சுவிட்ச்!

இரண்டாவதில் உச்ச அளவு 937 என்று இருந்தது. 'பிரைட்னஸ்' ஃபைலில் 300 எழுதலாமென்று சூடோ போட்டு எக்கோ அடித்தேன். அனுமதி இல்லையாம்! சூடோ அதிகாரம் கொடுப்பது எக்கோவுக்கு மட்டும். ஃபைலுக்குள் திருப்பிவிடும் அம்புக்குறியோ நம் சாதாரண ஷெல்லின் வேலை. இது விளங்க எனக்கு அரை நாள் ஆயிற்று. எக்கோவைப் பைப் போட்டு 'சூடோ டீ'க்கு அனுப்பினேன். திரை மங்கியது. அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே...

சந்தோஷத்தில் புத்தி கெட்டு, கடைசி வரை போய்ப் பார்ப்போமே என்று 0 அடித்தேன். ஒரே இருட்டு! ரிப்போர்ட்டை வேறு சேமிக்கவில்லை. வியர்த்துவிட்டது. போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தால், எழுத்துகள் நிழல் மாதிரி தெரிகின்றன. விளக்குதான் அணைந்திருக்கிறது, படம் அங்கேயே இருக்கிறது. ஒரு கையில் டார்ச், ஒரு விரலால் டைப்பிங். சூடோ மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் விட்டது நான் செய்த புண்ணியம். 300 என்று அடித்ததும் உயிர் வந்தது.

இனி நிரந்தர வைத்தியம். பூட் ஆகும்போது கிரப் மெனுவில் 'இ' விசையை அமுக்கி, கர்னல் வரியின் கடைசியில் 'ஏசிபிஐ அண்டர்ஸ்கோர் பேக்லைட்' என்று சேர்த்து, ஈக்வல் போட்டு 'நேட்டிவ்' என்று கொடுத்தேன். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், தப்பானாலும் பயமில்லை. (சில லேப்டாப்புகளுக்கு 'வீடியோ' அல்லது 'வெண்டார்' பொருந்தும்.) பயாஸ் பாதை காணாமல் போய் விசைகள் வேலை செய்தன. அப்புறம்தான் 'ஈடிசி', 'டீஃபால்ட்' டைரக்டரியில் இருக்கும் கிரப் ஃபைலில் அதையே எழுதி, 'அப்டேட் கிரப்' கொடுத்தேன்.

அன்று ராத்திரி விசையை ஆறு தடவை அமுக்கினேன். அப்பா துண்டை விலக்கிப் பார்த்தார்.

"என்னடா, லோ வோல்டேஜா?"