பெயர்த்தியின் பெயர்

மக்கள் தமக்குரியவென்று கொண்டாடும் பொருள்களுள், தாம் தேடாமற் பெற்றதும், தம்மினும் பிறரே மிகுதியாக வழங்குவதும் பெயர் ஒன்றேயாம். பேசவறியாப் பருவத்தே பெரியோர் கூடி முடிவுசெய்து விடுகின்றனர். அதனைச் சுமப்பவரோ வாழ்நாளெல்லாம் அதற்கு விடைகூற வேண்டியவராகின்றனர். பெயருக்கு உரியவளைக் கேட்க இயலாமையாற்றான் மற்றெல்லாரிடத்தும் அபிப்பிராயம் கேட்கின்றோம் போலும்.

சின்னாட்களுக்கு முன்னர் நம் இல்லத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. மக்களின் மக்களைப் பேரன், பேத்தி என்று வழங்குகின்றோம். பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே அங்ஙனம் மருவின. பாட்டன் பாட்டியரின் பெயரைத் தாங்குவோர் என்பது கருத்து. ஆதலின் முதற்பெண்ணுக்குத் தந்தையைப் பெற்றாளின் பெயரை இடுதல் நம் குடும்பத்துப் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை முறிக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் அன்னையாரின் பெயர் போதும்பொண்ணு.

இத்தகைய பெயரின் வரலாற்றை நாட்டுப்புறத்தில் வளர்ந்தோர் நன்கறிவர். பெண்மக்களே அடுத்தடுத்துப் பிறந்த இல்லங்களில், இனியேனும் ஆண்மகவு வேண்டுமென்னும் வேட்கையால், இறுதியில் வந்த பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றும் பெயரிடுதல் உண்டு. நம் அன்னையார் தம் பெற்றோர்க்கு நான்காம் பெண். பள்ளியிலும், திருமண அழைப்பிலும், வாக்காளர் பட்டியலிலும், குடும்ப அட்டையிலும் அப்பெயரே அவரைத் தொடர்ந்து வந்தது.

யாது செய்வதென்று பலரையும் வினவினோம். உறவின் முறையார் பெரும்பாலும் வழக்கத்தின் பக்கமே நின்றனர். “பெயரின் பொருளை யார் ஆராய்கின்றார்கள்? மாமியார் பெயரை மருமகள் வாயாற் கூறலாகாதாகையால், குழந்தையை எப்படியும் வேறு பெயரிட்டுத்தானே அழைப்பீர்கள்?” என்றார் ஒரு பெரியவர். அதுவும் உண்மையே. பாட்டியின் பெயர் பதிவேட்டில் உறங்க, பாப்பா என்றும் இராசாத்தி என்றும் அழைக்கப்பெற்றே வளர்ந்த பெண்கள் நம் ஊர்களில் எத்துணையோ பேர்.

தமிழ்ப் பேராசிரியராகிய நண்பரொருவர் பழந்தமிழ்ப் புலமைப் பெண்டிரை நினைவூட்டினார். வெள்ளிவீதி, ஆதிமந்தி, நப்பசலை, நச்செள்ளை என்று அடுக்கி, இறுதிப் பெயரையே இடுமாறு வற்புறுத்தினார். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் ஒன்பது துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றாரென்று பதிகம் கூறும். அத்தகைய பெயர் நம் மகளுக்கு வாய்ப்பது பெருமையன்றோ என்றார். அருகிருந்த அவர்தம் மகளோ, “வகுப்பில் ஒருநாள் இருந்து பாருங்கள் அப்பா, அப்புறம் தெரியும்” என்றாள். நண்பர் வாளாவிருந்தார்.

மற்றொருவர், பிடிக்காவிடின் வளர்ந்தபின் அவளே மாற்றிக்கொள்ளட்டும் என்றார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம்மைப் பரிதிமாற்கலைஞர் எனவும், சுவாமி வேதாசலம் 1916-இல் தம்மை மறைமலையடிகள் எனவும் அமைத்துக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டினார். சான்றுகள் சிறந்தனவே. ஆயினும் அவ்விருவரும் கற்றுத் துறைபோகியவர். தம் பெயரைத் தாமே திருத்தினும் உலகம் ஏற்கும் நிலையினர். நாற்று நடும் வயலில் நின்ற நம் அன்னையார்க்கு அந்த உரிமை உண்டென்று சொல்வார் எவரும் இலர்.

குழந்தையின் தாய் பொன்னி என்னும் பெயரைக் கூறினாள். காவிரிக்குப் பழமையாய் வழங்கிவரும் பெயர் அது. நம் அன்னையார் பிறந்த சிற்றூரும் அவ்வாற்று நீரால் விளைவது. இதற்கும் அபிப்பிராயங்கள் குறைவின்றி வந்தன. கல்கியின் புதினத்தை நினைந்து மகிழ்ந்தார் ஒருவர். அது கடையில் விற்கும் அரிசியின் பெயரன்றோ என்று நகைத்தான் ஓர் இளைஞன். சோறு எனப்படுவது இகழ்ச்சியாயின் உலகில் புகழ்ச்சி யாதென்று நாமும் நகைத்தோம். ழகரம் இன்மையால் ஆங்கில எழுத்தில் எழுத இடர்ப்பாடில்லை என்று உவந்தார் அலுவலகத் தோழர்.

இத்துணை பேரையும் கேட்டபின், அப்பெயருடன் எழுபதாண்டுக்கு மேல் வாழ்ந்த அன்னையாரிடம் சென்றோம். நம் வாயால் அவர் பெயரை அதுவரை ஒருகாலும் கூறியதில்லை, அன்றும் கூறவில்லை. “உங்கள் பெயரையே குழந்தைக்கு இடுவது முறையென்கின்றனர், உங்கள் கருத்து யாது?” என்றோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமலே கூறினார்: “அது எனக்கென்று வைத்த பெயரா? எனக்குப் பின்னால் பிறக்கவேண்டிய தம்பிக்காக வைத்த பெயர். அவன் பிறந்தான், இருந்தான், போயும் சேர்ந்தான். பெயர் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதை ஏன் அவள் தலையில் வைக்கிறீர்கள்?”

அவர் குரலில் சினமில்லை; துயரமும் புலப்படவில்லை. சிறிது பொறுத்து மேலும் சொன்னார்: “உன் அப்பா என்னைப் பொண்ணு என்றுதான் கூப்பிடுவார். ஊரிலும் அப்படியே. ‘போதும்’ என்பது காகிதத்தில் மட்டுந்தான்.” பொன்னி என்னும் பெயரைக் கூறினோம். அவர் இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். பின்னர்க் கொல்லைப்புறம் நோக்கி உரக்க ஒருமுறை அழைத்தார். “தூரத்தில் விளையாடினாலும் கேட்கும்” என்றார். அதுவே அவரளித்த தீர்ப்பு.

பிறப்பினை 21 நாட்களுக்குள் பதிதல் வேண்டுமென்பதும், பெயரைப் பின்னர் 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாமென்பதும் விதி. நமக்கு அத்துணைக் காலம் வேண்டியிருக்கவில்லை. பொன்னி என்றே பதிந்தோம். பொண்ணும் பொன்னும் வேர்வழியில் ஒன்றல்லவென்று பேராசிரிய நண்பர் திருத்துவார், திருத்தட்டும். செவிக்கு அவை அணுக்கமானவை. அன்பினால் வழங்கிய பாதிப்பெயர் பெயர்த்திக்கு வந்தது. மறுப்பினால் இட்ட பாதி பாட்டியோடு நின்றது. வழக்கமும் முறியவில்லை.

இதனைப் படிக்கும் இளைஞர்க்கும் ஒருநாள் பெயரிடும் பொறுப்பு வந்தே தீரும். அப்போது கற்றோரையும் உற்றோரையும் தவறாது கேளுங்கள். ஆனால் பழம்பெயரொன்றை எடுக்குமுன், அதனை இதுகாறும் சுமந்தவர் உயிரோடிருப்பின், அவரிடத்தும் ஒரு சொல் கேளுங்கள். பெயரின் பொருள் நிகண்டில் உள்ளது. அதன் பாரமோ சுமந்தவர்க்கே தெரியும்.